ஜப்பான் லேத்தும் என் ரப்பர் செருப்பும்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள், அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும். பதினோரு நாள் ஒரு யோக்கியமான மனிதரைப் பொய்யர் என்று நினைத்தேன். அதற்குக் காரணம் என் காலில் கிடந்த ரப்பர் செருப்பு. அந்தப் பதினோரு நாளும் செருப்பு தன் வேலையைச் சரியாகச் செய்தது. மூளைதான் செய்யவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் போகிற சாலையில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பின்னாலேயே வீடு. போர்வெல் மோட்டாரின் சாப்டு தேய்ந்தாலும், கரும்புச்சாறு மெஷினின் உருளை வழுக்கினாலும், சின்னசேலம் பக்கத்து மரவள்ளி மில்லில் புல்லி உடைந்தாலும் எங்களிடம்தான் வரும். எங்களிடம் என்றால், என்னிடமும் என் டர்னரிடமும். இரும்பைக் கடைகிறவர் அவர். அவர் கடைந்து முடித்ததும் ‘நன்றாக வந்திருக்கிறது’ என்று சொல்கிறவன் நான். டர்னர் மலைமேல் இருக்கிற கரியாலூர்க்காரர். சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து மலையேறுவார், திங்கள் காலை இறங்கி வருவார். இப்படியே பதினெட்டு வருஷம்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினைத் தொடுகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும். சோறு போடுகிற இரும்பு. அதன் முன்னால் செருப்போடு நிற்கக் கூடாது. ஆயுத பூஜைக்கு மட்டுமல்ல, வருஷம் முழுக்க இதுதான் சட்டம். சட்டம் போட்டவன் நான். மீறுகிறவனும் நான் ஒருவன்தான். எனக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு, இரும்புத் தூள் புகுந்தால் உயிர் போய்விடும். அதனால் சாமியிடம் தனியாகப் பேசி அனுமதி கேட்டேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய ஜப்பான் மெஷின்களைக் கன்டெய்னரில் இறக்கி விற்கிற ஒரு சென்னை வியாபாரியிடம் போன வருஷம் ஒரு லேத்து வாங்கினேன். வாங்கும்போதே சந்தேகம். இவ்வளவு நல்ல மெஷினை ஜப்பான்காரன் ஏன் விற்றான்? குனிந்து பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், எண்ணெயை மோந்துகூடப் பார்த்தேன். மோந்து என்ன தெரிந்துகொண்டேன் என்று கேட்காதீர்கள். மெஷினின் தகட்டில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதில் எனக்குப் படிக்க வந்தது ‘200’ மட்டும்தான். நம் ஊரில் மூன்று பேஸ் என்றால் நானூற்றுப் பதினைந்து வோல்ட். நேராகக் கொடுத்தால் மோட்டார் அன்றைக்கே கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்க வியாபாரியே ஒரு டிரான்ஸ்பார்மரும் கொடுத்தார். அதில் 200, 220, 240 என்று எழுதிய திருகுகள் இருந்தன. இருநூறு போதும் என்றார். வந்த மெஷினைப் பட்டினி போடுவானேன் என்று 220இல் மாட்டினேன்.

மோட்டார் காயில் கட்டுகிற அம்மா ஒருவர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கிறார். ஒழுங்கு மரியாதையாக அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் வந்தால் ‘குழி தோண்டு, உப்பு கொண்டா, கரி கொண்டா’ என்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கரண்டுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்? இதில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டு நானே வயரிங்கில் இறங்கினேன். கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர் இந்தியில் பேசினார், நான் தமிழில் தலையாட்டினேன்.

பச்சை வயர் என்றால் எர்த்து என்பது எனக்கும் தெரியும். பழைய லேத்தின் எர்த்துக் கம்பி சுவரோரமாகப் போய், பின்சுவர் ஓட்டை வழியாக வெளியேறும். புது மெஷினின் பச்சை வயரையும் அதிலேயே முறுக்கிவிட்டேன். வெளியே அந்தக் கம்பி எங்கே போகிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் போகிற கம்பிக்குப் போகிற இடம் தெரியாதா?

சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. டர்னர் செருப்பைக் கழற்றிவிட்டு, மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தார். உடனே விட்டார்.

“மொதலாளி, இது கடிக்குது.”

“எது?”

“இந்த ஜப்பான்காரன்தான். தொட்டா சுருக்குனு இருக்குது.”

நான் போய், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல உள்ளங்கையை வைத்தேன். ஒன்றுமே இல்லை.

“புது மாப்ள வூட்டுக்கு வந்தா மொத நாளு கூச்சமாத்தான் இருக்கும். போவப் போவ சரியாப் பூடும்.”

“கூச்சம் இல்லீங்க. கரண்டு.”

டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். மங்கலாக எரிந்தது. டெஸ்டர் மேல் சந்தேகம் வந்தது. புதிது வாங்கினேன். அதுவும் எரிந்தது. கடைக்காரர் மேல் சந்தேகம் வந்தது. டர்னர் கைப்பிடியில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்ததும் அவர் மேலேயே வந்துவிட்டது. அந்தச் சமயம் சின்னசேலத்தில் ஒரு புதுப் பட்டறை திறந்திருந்தார்கள். இவர் வேறு அடிக்கடி கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசினார். எங்கள் தகரக் கொட்டகைக்குள் சரியாகக் காதில் விழாது, அதனால் பதினெட்டு வருஷமாக வெளியே போய்த்தான் பேசுகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தேகப்பட்டேன். ஆள் கிளம்பப் பார்க்கிறார், அதற்கு இந்தக் ‘கடி’ ஒரு சாக்கு.

ஐந்தாம் நாள் அவர் காலடியில் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நின்றார். பலகைக்கு அடியில் இரும்புச் சுருள் சேர்கிறது என்று சொல்லி நான் அதை எடுத்துவிட்டேன். இந்த இடத்தில் ஏதாவது வேடிக்கையாக எழுதலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

அதே வாரம் என் மனைவி கையை உதறிக்கொண்டே பின்கட்டிலிருந்து வந்தாள்.

“இன்னாங்க, துணிக் கொடி கடிக்குது.”

“கட்டெறும்பா இருக்கும்.”

“கட்டெறும்பு முழங்கை வரிக்கும் ஏறுமா?”

“அப்ப நரம்புத் தளர்ச்சி.”

பட்டறையில் ஒருவர் கடிக்கிறது என்கிறார், வீட்டில் ஒருத்தி கடிக்கிறது என்கிறாள். புத்தியுள்ளவன் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பான். நானும் சேர்த்துத்தான் பார்த்தேன். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று சந்தேகம் வந்தது.

பதினோராம் நாள் காலையில் நல்ல மழை. கொட்டகை ஒழுகித் தரையெல்லாம் ஈரம். டர்னர் கைப்பிடியில் துணி சுற்றும்போதே ‘அக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் அவர் பழைய லேத்தின் மேல் சாய்ந்து கிடந்தார். பின்னால் தூக்கி அடித்ததில் முழங்கை அதன் மூலையில் மோதித் தோல் கிழிந்திருந்தது. உதடு வெளுத்துவிட்டது. நான் சுவிட்சை நிறுத்திவிட்டு, தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் குடிக்கவில்லை. உட்கார்ந்து மூச்சு வாங்கினார், எழுந்தார், சட்டையை மாட்டினார், தூக்குவாளியை எடுத்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம், மேஸ்திரி.”

“நானே போய்க்கிறன். வூட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க மொதலாளி. உங்க மெஷினுக்காவ நான் சாவறதுக்கு இல்ல.”

அன்றைக்கு வியாழக்கிழமை. அவர் வியாழக்கிழமையில் மலையேறியதை நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகுதான் காயில் கட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்போதும் பாதி மனசு ‘மெஷினில் ஒன்றுமில்லை’ என்று அவர் வாயால் கேட்கத்தான் ஆசைப்பட்டது. மொபெட்டில் வந்து இறங்கினார். உள்ளே வந்ததும் முதல் கேள்வி:

“மெயினு ஆஃபாண்ணா?”

“ஆஃப்மா.”

“நீங்க சொன்னா ஆச்சா?” என்று அவரே மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டார். என்னைவிடச் சந்தேகக்காரரை முதல்முறையாகப் பார்த்தேன். ஆனால் என் சந்தேகமெல்லாம் ஆட்கள் மேல், அவருடையது கம்பி மேல்.

டிரான்ஸ்பார்மரைத் திறந்து பார்த்தார்.

“யாரு இத வயரிங் பண்ணது?”

“ஒரு ஆளும்மா.”

“அந்தாளக் கூப்புடுங்க. ஒரு வார்த்த கேக்கணும்.”

“கேளும்மா. இங்கதான் நிக்கறான்.”

அவர் சிரிக்கவில்லை. மீட்டரின் ஒரு முனையை மெஷினின் உடம்பிலும், இன்னொன்றை வாசலுக்கு வெளியே ஈரமண்ணில் குத்திய கம்பியிலும் வைத்தார். மெயினைப் போடச் சொன்னார். மீட்டர் நூற்று நாற்பதைத் தொட்டது.

“இது கூச்சம் இல்லண்ணா. கருமாதி.”

“நான் தொட்டா ஒண்ணும் பண்ணலியேம்மா?”

“நீங்க ரப்பரு மேல நிக்கிறீங்க. அவரு தரை மேல நின்னாரு.”

இவ்வளவுதான் விஷயம். பதினோரு நாள் விஷயம். அவர் மெஷினுக்கு மரியாதை கொடுத்துச் செருப்பைக் கழற்றினார், அது அவரைக் கடித்தது. நான் கொடுக்கவில்லை, என்னை விட்டுவிட்டது.

மெயினை அணைத்துவிட்டு அந்த அம்மா எர்த்துக் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போனார். சுவரோரம், ஓட்டை, வெளியே. பின்கட்டில் பழைய எர்த்துக் குழியின் குழாய் நின்றது. அதன் தலையில் விரல் நீளத்துக்குக் கம்பி. மீதியைக் காணோம்.

நான் குதித்தேன். “பாத்தியாம்மா! திருட்டுப் பசங்க! போன வாரம் பழைய இரும்பு எடுக்கறவன் ஒருத்தன் இந்தப் பக்கமா சுத்திக்கினு இருந்தான். நான் அப்பவே சந்தேகப்பட்டேன்!”

அவர் தலையை நிமிர்த்தி, ஓட்டையிலிருந்து வந்த கம்பி எங்கே போகிறது என்று பார்த்தார். நானும் பார்த்தேன். அது நேராக முருங்கை மரத்துக்குப் போய் நன்றாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அதில் இரண்டு லுங்கி, ஒரு பனியன்.

“லுங்கி யாருதுக்கா?” என்று என் மனைவியைக் கேட்டார்.

“அவருதுதான். கம்பிய வெட்டனதும் அவருதான். பொங்கலுக்கு முன்ன, கால் தடுக்குதுன்னு வெட்டி, ‘ஒனக்குக் கொடி ஆச்சு’ன்னாரு. நான்கூட மொத தடவையா நமக்கு ஒரு வேல செஞ்சாருன்னு சந்தோசப்பட்டன்.”

பழைய லேத்தில் கசிவு இல்லை, அதனால் பொங்கலிலிருந்து யாரையும் எதுவும் கடிக்கவில்லை. ஜப்பான் லேத்து கசிந்தது. கசிந்த கரண்டு மண்ணுக்குப் போக வழியில்லாமல் மெஷினில் நின்றது, பச்சை வயர் வழியாகப் பழைய லேத்துக்கும் கொடிக்கும் போனது. ஈரத் துணியோடு என் மனைவி வெறுங்காலில் அங்கே நின்றிருக்கிறாள். தினமும். நான் போய் லுங்கியையும் பனியனையும் எடுத்துவிட்டு, முருங்கை மரத்திலிருந்து கம்பியை அவிழ்த்தேன்.

மறுநாள் குழி வெட்டினோம், ஒன்றல்ல, இரண்டு. மூன்று பேஸ் மெஷினுக்கு எர்த்து இரண்டாக இருக்க வேண்டுமாம், ஒன்று அறுந்தாலும் இன்னொன்று நிற்கும். எந்த உப்பையும் கரியையும் சந்தேகப்பட்டேனோ அதே உப்பையும் கரியையும் மூட்டையாக நானே சுமந்து வந்தேன். குழாயைச் சுற்றி அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் ஊற்றினோம். உப்பும் கரியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரமண்தான் கரண்டை வாங்கிக்கொள்ளும் என்றார் அந்த அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

“இன்னாப்பா, பொதையலா?”

“இல்லீங்க. என் புத்தியப் பொதைக்கறோம்.”

“அதுக்கு ரெண்டு குழியா?” என்று சந்தேகமாகவே இறங்கிப் போனார்.

கசிவு இருந்தது, கடையும்போது இரும்பைக் குளிர்விக்கிற கூலன்ட் பம்ப்பின் குட்டி மோட்டாரில். அதைக் கழற்றி எடுத்துப் போய்ப் புதிதாகக் காயில் கட்டிக்கொண்டு வந்தார். டிரான்ஸ்பார்மரை 200க்கு மாற்றினார். மெயினுக்குப் பக்கத்தில், கரண்டு கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, அதன் பட்டனை அழுத்திக் காட்டினார். பட்டென்று விழுந்தது.

“தொட்டதுமே வுழுதேம்மா, டூப்ளிகேட்டா இருக்குமோ?”

“வுழறதுக்குத்தாண்ணா வாங்கனது.” கிளம்பும்போது, “கோடையில குழிக்குத் தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க” என்றார்.

“எத்தினி நாளைக்கும்மா?”

“மெஷினு இருக்கற வரிக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கரியாலூர் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். வீட்டில் அவர் முழங்கைக் கட்டோடு புளி உடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. ஒத்திகை எல்லாம் மறந்துபோய், வெட்டின கம்பி, முருங்கை மரம், லுங்கி என்று எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகக் கொட்டினேன். எடுத்துப் போட்ட பலகையையும் சொன்னேன். லுங்கிக்கு அவர் மனைவி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. டர்னர் சிரிக்கவில்லை.

“வந்து பாக்கறன். தொடறத அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

திங்கள் காலை வந்தார். வழக்கம்போலச் செருப்பை வாசலில் விட்டார். சுவரோரம் குனிந்து இரண்டு எர்த்துக் கம்பியையும் பின்கட்டுக் குழி வரைக்கும் பார்த்துவிட்டு வந்தார். கொடியைப் பார்த்தார், நைலான் கயிறு. எல்லாம் பார்த்துவிட்டு, மெஷினிலிருந்து இரண்டு முழம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. மெயினைப் போட்டேன். போய் மெஷினின் முதுகில் பசுமாட்டைத் தட்டுகிற மாதிரி பளார் பளார் என்று இரண்டு தட்டுத் தட்டினேன்.

“பாருங்க மேஸ்திரி, ஆட்டுக்குட்டியாட்டம் நிக்குது. ஒண்ணுமே இல்ல. தைரியமாத் தொடுங்க.”

அவர் மெஷினைப் பார்க்கவில்லை, என் கையையும் பார்க்கவில்லை. கீழே குனிந்து என் காலைப் பார்த்தார்.

“செருப்பக் கழட்டிட்டு நீங்க மொதல்ல தொடுங்க, மொதலாளி.”