சோடி பிரிக்கிற கொண்டக்டர்

“நீ முன்னுக்குப் போயி டிரைவருக்குப் பின்னால உக்காரு. நீ கடைசி சீட்டு. பசறை வர்ற வரைக்கும் ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கக் கூடாது.”

மடுல்சீமையிலிருந்து பதுளைக்குப் புறப்படும் காலை ஆறு மணி பஸ்ஸில், அந்தச் செவ்வாய்க்கிழமை ஏறிய இரண்டு பெண்பிள்ளைகளை இப்படிப் பிரித்து உட்கார வைத்துவிட்டு, நடத்துநர் புவனேந்திரன் அவர்கள் கையிலிருந்த தாள்களை வாங்கிப் பார்த்தார். இரண்டும் ஒரே கொப்பியில் கிழித்தவை. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே வரிசை. ‘ம்’ என்று ஒரு சத்தம் மட்டும் போட்டுவிட்டு அவற்றைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். முதலில் டிக்கட். மற்றதெல்லாம் பிறகு.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. ஒடிசலான ஆள். சட்டையின் மேல் பொத்தானுக்குப் பதிலாக ஓர் ஊசி. பஸ்ஸில் பாதி இருக்கை காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். இருபது வருடமாக இதே பாதை. எந்த வளைவில் யார் வாந்தி எடுப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும், எந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சையில், பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி எவ்வளவு என்பதும் தெரியும். முதலாவது தொழிலோடு வந்தது. இரண்டாவதை யாரும் அவர் தலையில் கட்டவில்லை. ஏழெட்டு வருடங்களுக்கு முன் பல்கலைக்கழக விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு முழித்த ஒரு பிள்ளைக்கு, வாய் சும்மா இராமல் ஏதோ சொல்லப்போனார். அது பலித்துவிட்டது. அடுத்த வருடம் நாலு பேர் இந்த பஸ்ஸைத் தேடி வந்தார்கள்.

சாரதியின் தலைக்கு மேல் இருக்கும் முதலுதவிப் பெட்டிதான் அவருடைய அலுவலகம். ஒரு முறை சோதனைக்கு ஏறிய பொலிஸ்காரர் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே பல்கலைக்கழக அனுமதிக் கைநூல், எந்தப் பாடநெறிக்கு எந்தப் புள்ளி வரை இடம் கிடைத்தது என்று காட்டும் பழைய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிப் பட்டியல்கள், நீல அட்டை போட்ட ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி. பஞ்சு எங்கே, பிளாஸ்டர் எங்கே என்று கேட்டதற்கு, இதுவும் அடிபட்டவர்களுக்குத்தான் என்று சிங்களத்தில் சொன்னாராம். அடுத்த நாளே பஞ்சும் பிளாஸ்டரும் வாங்கிப் பெட்டியின் ஓரத்தில் திணித்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

என்னவாக வர விருப்பம் என்று அவர் எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: “வீட்டுல யாரு வேணாங்குறது?” யாராவது ஒருவர் இருக்கவே செய்வார். அப்பா, தாய்மாமன், சில வேளை கோயில் கமிட்டித் தலைவர். அந்த ஆள் யாரென்று தெரிந்த பிறகுதான் புள்ளியைக் கேட்பார். வாழ்த்துச் சொல்லும் பழக்கமும் அவரிடம் கிடையாது. இடம் கிடைத்தவர்கள் கேக் பெட்டியோடு வந்து நின்றால், பல்வலி என்று சொல்லி அதைச் சாரதி ஹபீஸின் மடியில் வைத்துவிடுவார். ஹபீஸுக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

விண்ணப்பத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடநெறி வேண்டும் என்று விருப்பப்படி வரிசையாக எழுத வேண்டும். கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். புள்ளி எட்டுகிற முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இதைக் கைநூல் பல பக்கங்களில் விளக்குகிறது. புவனேந்திரன் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே விளக்குவார்: “மொதல்ல வர்ற பஸ்ல ஏறிட்டேன்னா, பின்னால எது வந்தாலும் அது ஒனக்கு இல்ல. எத மொதல்ல வர வைக்கணும்னு ரோசன பண்ணி எழுது.”

ஆனால் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் இந்த வரிசையை வேறு விதமாகப் போடுவார்கள். லயத்தில் ஒரு பெண் தனியாகப் போகும் இடமென்று ஒன்று கிடையாது. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும் சோடி, டியூசனுக்கும் சோடி, டவுனுக்கும் சோடி. ஆகவே கம்பஸுக்கும் சோடியாகத்தான் அனுப்புவார்கள். இரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போக வேண்டுமென்றால், புள்ளி குறைந்தவளுக்கு எட்டுகிற இடத்தையே இரண்டு பேரும் மேலே எழுத வேண்டும். கூடியவள் இறங்கி வருவாள். ஊர் இதை நல்ல சிநேகம் என்று மெச்சும். புவனேந்திரனுக்கு இது அறவே பிடிக்காது.

ஏன் என்று அவர் சொல்ல மாட்டார். பதுளைத் தேநீர்க் கடையில் ஹபீஸ்தான் சொல்வார். அந்தக் காலத்தில் புவனேந்திரனும் அவருடைய சிநேகிதன் ரஜீவும் ஒரே வரிசையை எழுதிப் போட்டார்களாம். கடிதம் புவனேந்திரனுக்கு மட்டும் வந்தது. பேராதனை, கலைப்பீடம். தனியாகப் போக அவருக்கு மனம் வரவில்லை. ரஜீவ் இன்னொரு முறை பரீட்சை எழுதட்டும், சேர்ந்தே போகலாம் என்று இருந்துவிட்டார். பதிவு செய்யும் நாள் போனது. இடமும் போனது. ரஜீவ் கொழும்பில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். “இவர் அண்டைக்கு புட்போட்ல ஏறின ஆள், இன்னம் எறங்கல்ல” என்று ஹபீஸ் சிரிப்பார். புவனேந்திரன் தேநீரை ஊதிக்கொண்டிருப்பார்.

சோடியைப் பிரிக்கிறவர் கையோடு வேறொரு துணையையும் கொடுக்க வேண்டுமே. அதற்குத்தான் சீ.ஆர். கொப்பி. அதில் பக்கத்துக்கு ஓர் ஊர், பீடம். அதன் கீழே இந்தப் பாதையிலிருந்து அங்கே போன பிள்ளைகளின் பெயரும் தொலைபேசி எண்ணும். மகளை விட மாட்டேன் என்று ஒரு தகப்பன் பிடிவாதமாக நின்றால், புவனேந்திரன் வாக்குவாதம் பண்ணுவதில்லை. உரிய பக்கத்தைத் திறந்து, எண்ணை அழுத்தி, கைபேசியைத் தகப்பன் கையில் கொடுத்துவிட்டு டிக்கட் போடப் போய்விடுவார். அங்கே இருக்கும் பிள்ளை விடுதியைப் பற்றி, சோற்றைப் பற்றி, எத்தனை மணிக்கு கேட்டைப் பூட்டுவார்கள் என்பதைப் பற்றிச் சொல்லும். நாலு வளைவு தாண்டுவதற்குள் தகப்பன் தலையாட்டிவிடுவார். இடம் கிடைத்த கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கொப்பியில் பெயர் ஏறும். அதற்கு முன் பேனாவைத் திறக்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை முன் இருக்கையில் உட்கார்ந்தவள் நிஷாந்தினி. கடைசி இருக்கைக்குப் போனவள் டிலுக்ஷி. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா வீடுகள். விண்ணப்பம் முடியும் நாள் வெள்ளிக்கிழமை. இரண்டு தாள்களிலும் முதல் வரி மட்டக்களப்பு, கலை. டிலுக்ஷிக்கு எட்டுவது அதுதான். நிஷாந்தினியின் புள்ளியோ, போன வருடம் பதுளை மாவட்டத்துக்குக் கொழும்புச் சட்டபீடத்தின் வெட்டுப்புள்ளி நின்ற இடத்துக்கு ஒரு மயிரிழை மேலே இருந்தது. பசறையில் பஸ் நின்றபோது புவனேந்திரன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“அப்பா” என்றாள் நிஷாந்தினி. “டிலுக்ஷி இல்லாம கொழும்புக்கெல்லாம் விட மாட்டாராம்.” கடைசி இருக்கையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்காமலே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “எனக்கு சட்டந்தாண்ணே படிக்கணும்.”

மறுநாள் அவளுடைய அப்பா ரெங்கசாமி அதே பஸ்ஸில் ஏறினார். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வேலை. பதுளை ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போகிறார். புவனேந்திரனுக்குச் சங்கடம். கொப்பியில் கொழும்புப் பக்கம் வெள்ளையாக இருந்தது. பேராதனையில் இருக்கிற ஒரு பிள்ளையைக் கொழும்பில் இருப்பதாகச் சொல்லிப் பேச வைத்தால் என்ன என்று ஹபீஸ் யோசனை சொல்லியிருந்தார். பொய் சொல்ல புவனேந்திரனுக்குக் கூச்சமொன்றும் கிடையாது, டிக்கட் பரிசோதகரிடம் தினமும் சொல்கிறார். இந்தப் பொய் மட்டும் அவருக்கு வாயில் வரவில்லை. கொப்பியை எடுத்து அப்படியே ரெங்கசாமியின் மடியில் வைத்தார்.

“கொழும்புல நம்ம புள்ளைங்க யாரு இருக்கா?” என்று கேட்டார் ரெங்கசாமி.

“யாரும் இல்லீங்க.”

ரெங்கசாமி விரலை எச்சிலில் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பேராதனையில் ஒன்பது பேர், மட்டக்களப்பில் ஐந்து, யாழ்ப்பாணத்தில் நாலு. ஒவ்வொரு பக்கத்திலும் முதல் பெயரின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இந்த மொதப் பேரெல்லாம் யாரு கூடங்க போச்சு?”

இத்தனை வருடம் கொப்பியை வைத்திருக்கிற புவனேந்திரனுக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை. குனிந்து அந்தப் பெயர்களைத் தானும் ஒரு தடவை பார்த்தார்.

“தனியாத்தாங்க போச்சு.”

ரெங்கசாமி கொப்பியை மூடிக் கொடுத்தார். பதுளையில் இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்துவிட்டார். அன்று மாலையும் அடுத்த நாள் முழுவதும் புவனேந்திரனுக்கு வேலை ஓடவில்லை. இரண்டு பேரிடம் டிக்கட் கேட்கவே மறந்துபோனார். ஒரு கிழவருக்கு இறங்கும் இடம் தாண்டிய பிறகு மணி அடித்து, வண்டி வண்டியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பிள்ளைகளும் ஏறினார்கள். பதுளையில் ஒரு கொமினிகேஷன் கடையில் உட்கார்ந்து விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்ற வேண்டும். டிலுக்ஷி யாரும் சொல்லாமலே நேராகக் கடைசி இருக்கைக்குப் போய் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. புவனேந்திரனுக்குப் பாவமாக இருந்தது. மட்டக்களப்புப் பக்கத்தில் இருந்த ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். “நீ போய் எறங்குற அன்னைக்கு இதுல ரெண்டு பேராச்சும் ஸ்டாண்டுல நிப்பாளுக. நான் சொல்லி வைக்கிறேன்” என்றார். அவள் தாளை வாங்கிக்கொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

முன் இருக்கைக்கு வந்தார். நிஷாந்தினி தன் தாளை நீட்டினாள். கீழே இருந்த வரிகள் அவளுடைய எழுத்து. மேலே முதல் வரி அவளுடையது இல்லை. பென்சிலை அழுத்திப் பிடித்து, கோணலாக, பெரிய பெரிய எழுத்தில் ‘கொழும்பு சட்டம்’ என்று இருந்தது.

“அப்பாதான் எழுதுனாரு” என்றாள். “என்னய எழுத விட்டா, டிலுக்ஷிக்காக மாத்தி எழுதிருவேனாம்.”

‘ம்’ என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார் புவனேந்திரன். பிறகு முதலுதவிப் பெட்டியைத் திறந்து சீ.ஆர். கொப்பியை எடுத்தார். கொழும்புப் பக்கத்தை விரித்து, ஓடுகிற பஸ்ஸில் முழங்காலை உயர்த்தி அதன் மேல் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தார். பக்கத்தின் மேல் ஓரத்தில் 1 என்று போட்டார். அதன் அருகே ஒரு புள்ளி வைத்தார். பெயருக்கு இடம் விட்டுக் கொப்பியை மூடினார்.