பங்களாப் படிக்கட்டில் எடுத்த படம்

பங்களாப் புல்தரை வெயில் ஏறின பிறகும் ஈரமாகவே இருக்கும். கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அதில் நடந்தால் உள்ளங்கால் சில்லிட்டு, கொஞ்ச நேரத்தில் கால் இருப்பதே தெரியாமல் போகும். கழற்றச் சொல்லி யாரும் எங்களிடம் சொன்னதில்லை. கோயிலுக்குக் கழற்றுவதுபோல நாங்களாகவே கழற்றினோம்.

டெங்கிலுக்கும் ஜெஞ்சாரோமுக்கும் இடையே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு மேட்டின் மேல் அந்தப் பங்களா இருந்தது. அகலமான படிக்கட்டு, சுற்றிலும் வராந்தா, ஆள் உயரத்தைவிட உயரமான ஜன்னல்கள். கட்டிய வெள்ளைக்காரர்கள் எங்கள் காலத்தில் போய்விட்டிருந்தார்கள். பினாங்கிலிருந்து ஒரு சீனர் நிர்வாகியாக வந்திருந்தார். அவரையும் நாங்கள் "தொரை" என்றுதான் சொன்னோம், அந்தப் பட்டம் வீட்டோடு சேர்ந்தது. அவர் மனைவி "மேடம்". என் அப்பா அங்கே பூந்தோட்டக்காரர். மற்றவர்கள் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும்போது அப்பா செடி வெட்டும் கத்தரிக்கோலோடு மேட்டில் ஏறுவார். ரோஜா, கல்வாழை, செம்பருத்தி வேலி, மேடம் மட்டுமே பூப்பறிக்கிற ஆர்க்கிட் தொட்டிகள் எல்லாம் அப்பாவின் வளர்ப்பு. அவ்வளவையும் வளர்த்தவரின் வீட்டு வாசலில் ஒரு கறிவேப்பிலைதான் நின்றது. அதுவும் அம்மா வைத்தது.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் "லயத்து"க் குடும்பங்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை, தீபாவளியன்று, பங்களாவுக்குப் போவோம். தொரை கைகூப்புவார். மேடம் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுத் தண்ணீரும் வீட்டுக்கொரு பிஸ்கட் டின்னும் கொடுப்பார். கடைசியில் எல்லாரையும் படிக்கட்டில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். எங்களில் யாரும் வீட்டுக்குள் போனதில்லை, எடுத்த படம் எங்கள் கைக்கு வந்ததும் இல்லை.

நான் சொல்ல வந்தது அப்படி ஒரு தீபாவளியைத்தான். அந்த வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறந்து, "முப்பது கும்பிடுறதுக்குள்ள" காய்ச்சலில் போய்விட்டான். முப்பதாம் நாள்தான் தொட்டில் கட்டிப் பெயர் வைப்பார்கள். ஆகவே அவனுக்குப் பெயர் இல்லை. ஆற்றங்கரை ஓரம் புதைத்துவிட்டு வந்து அப்பா குளித்தார். "பேரு வைக்காத புள்ளயப் பத்திப் பேசக் கூடாது, பேசினா அடுத்தது தங்காது" என்று லயத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மா அழுது நான் பார்க்கவில்லை. சோறு வடித்தார், துணி துவைத்தார், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அக்காவும் நானும் அதையே பழகிக்கொண்டோம்.

சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருஷம் தீபாவளி கிடையாது. ஆனால் தோட்டக்காரன் குடும்பம் வரவில்லை என்றால் தொரை கேட்பார். கேட்டால் நல்ல நாளும் அதுவுமாகக் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டிவரும். அப்பாவுக்கு அதுதான் பயம். "பால்குடி மறக்காத புள்ளைக்குப் பெரிய தீட்டு இல்ல, சும்மா போய்ட்டு வாங்க" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா வழி சொன்னார். தலைக்கு எண்ணெய் வைக்காமல், புதுத் துணி உடுத்தாமல், அப்பா, அம்மா, அக்கா, நான் எல்லோரும் மேட்டில் ஏறினோம்.

மேடம் பினாங்குக்குப் போயிருந்து முதல் நாள்தான் திரும்பியிருந்தார். அம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது அவருக்குத் தெரியும், போனது தெரியாது. தொரைக்குத் தெரிந்திருக்கலாம், தெரிந்தும் மறந்திருக்கலாம். எங்கள் முறை வந்தபோது மேடம் பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்துவிட்டு, கூடையிலிருந்து வெள்ளைக் கம்பளிச் சால்வை ஒன்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அவரே பின்னியது. நம் ஊர் வெயிலில் எந்தப் பிள்ளைக்குக் கம்பளி வேண்டும், தெரியவில்லை. ஆனால் ஆசையோடு பின்னியிருந்தார்.

"இது பேபிக்கு. பேபியை ஏன் கொண்டு வரவில்லை?" என்று மலாயில் கேட்டார்.

வரிசையில் நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா ரோஜாச் செடியைப் பார்த்தார். "தூங்குது, மேடம்" என்று அம்மா மலாயிலேயே சொல்லிச் சால்வையை வாங்கிக்கொண்டார். அதற்குள் படத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா படிக்கட்டில் ஏறி நின்று, பழக்க தோஷத்தில், அந்தச் சால்வையை இடது கை மடிப்பில் ஏந்திக்கொண்டார்.

மறுநாள் அப்பா சால்வையை எங்கோ கொண்டுபோய்விட்டார். செத்த பிள்ளையின் துணி வீட்டில் இருக்கக் கூடாதாம். அவன் ஒரு தடவைகூடப் போர்த்தாத துணி அது. ஆக, அப்படி ஒருவன் பிறந்திருந்தான் என்பதற்கு அம்மாவிடம் ஒரு நூல்கூட மிஞ்சவில்லை.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். லயத்து ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அக்கா கிள்ளானில் இருக்கிறார். அம்மா என்னோடு பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில். போன மாதம் என் மகள் கைப்பேசியில் ஒன்றைக் காட்டினாள். பங்களாவைப் புதுப்பித்து, டிக்கெட் போட்டுத் திறந்திருக்கிறார்கள். கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வருகிறார்கள். உள்ளே சுவர் முழுக்கப் பழைய படங்கள். அம்மா கைப்பேசியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றார். எதையும் வேண்டும் என்று கேட்டறியாதவர். அப்பா வளர்த்த பூந்தோட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போனோம். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. லயம் இருந்த இடம் கார் நிறுத்துமிடம். தம்பியைப் புதைத்த ஆற்றங்கரை ஓரம் முழுக்க மாடி வீடுகள். செம்பருத்தி வேலியும் ரோஜாவும் போய், உருண்டையாக வெட்டிவிட்ட ஏதோ புதர்கள் நின்றன. எனக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. யாரோ சொன்ன ஊரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அம்மாவோ தோட்டத்துப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே படியேறி, வாழ்நாளில் முதன்முறையாக அந்த வீட்டுக்குள் போய், சுவரோரமாகப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒன்றின் முன்னால் நின்றார்.

சுற்றிக் காட்டுகிற பெண் வந்தாள். ஸ்ரீ கெம்பாங்கான் ஊர்த் தமிழ்ப் பெண், படித்துக்கொண்டே பகுதிநேர வேலை செய்கிறவள்.

"ஆன்டி, இது எஸ்டேட் ஆளுங்க தீபாவளிக்கு எடுத்தது லா. இதுல நீங்க இருக்கீங்களா?"

அம்மா கண்ணாடி மேல் விரலை வைத்தார். படிக்கட்டின் ஓரத்தில், சின்ன வயசு அம்மா, கை மடிப்பில் வெள்ளையாக ஒரு பொதி.

"கைல பேபி வேற. ரொம்ப கியூட். பேபி பேரு என்ன ஆன்டி?"

நான் குறுக்கே ஏதாவது சொல்லிவிட வாயெடுத்தேன்.

"சரவணன்" என்றார் அம்மா. கொஞ்சமும் யோசிக்கவில்லை. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

"நல்ல பேரு ஆன்டி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த கூட்டத்தைக் கவனிக்கப் போனாள். அம்மா என்னிடம், "இத போன்ல எடுத்துக்க" என்றார். எடுத்தேன். மரத்துப்போய்த்தான் நின்றேன்.

காரில் ஏறியதும் அந்தப் படத்தைக் கிள்ளானிலிருந்த அக்காவுக்கு அனுப்பி, "தம்பி பேரு சரவணன்" என்று எழுதினேன்.

"எந்தத் தம்பி?" என்று அக்காவிடமிருந்து பதில் வந்தது.

பக்கத்தில் அம்மா சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். "நமக்கு ஒரே தம்பிதானே, அக்கா" என்று எழுதி அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தேன்.