முள் கட்டாத தூண்டில்

எண்ணெய் எடுக்கும் செம்பனையில் குலை வெட்டுகிறவனுக்கு வேலை முழுவதும் தலைக்கு மேலேதான். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நிற்க வேண்டும். மட்டையில் அரிவாளை மாட்டி, பலம் கொண்ட மட்டும் கீழே இழுக்க வேண்டும். இழுத்த கையோடு பக்கத்தில் ஒரு தாவு தாவ வேண்டும். தாவாவிட்டால் விழுவது நம் மேல்தான் விழும்.

மலேசியாவில், கோல சிலாங்கூருக்கு வடக்கே இருந்த எங்கள் தோட்டத்தில், எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு அதுதான் வேலை. பொங்கல் முடிந்த கையோடு ஒரு காலையில் இழுத்தேன், தாவவும் தாவினேன். ஆனால் முதல் நாள் மழையில் நிலம் சேறாகிக் கிடந்தது. கால் வழுக்கியது. முள்ளோடு கூடிய மட்டை வலது தோளில் வந்து இறங்கியது.

எலும்பு முறியவில்லை, மூட்டு மட்டும் நழுவிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூட்டைப் பழைய இடத்தில் தள்ளி, கையைத் துணியில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். துணியை அவிழ்த்த பிறகும் கை நெஞ்சு உயரத்துக்கு மேல் வரவில்லை. வலித்ததைவிட எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. குளித்துவிட்டு சாமிப் படத்துக்கு முன்னால் நின்றால் வலது கை நெற்றிக்குப் போகாது. இடது கையால் திருநீறு பூச மனம் வராது. என் மனைவிதான் பூசிவிடுவாள், குழந்தைக்குப் பூசுவதுபோல.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேல வாங்குய்யா இதுகிட்ட. சும்மா வச்சிருந்தா துருப் புடிச்சிரும்" என்றார். சுவரில் விரலை ஏற்றி ஏற்றிப் பழகச் சொன்னார். பழகினேன். சுவரில் எண்ணெய்க் கறைதான் ஏறியது, கை ஏறவில்லை. எங்களை வேலை வாங்கும் மண்டோர் என்னைப் பெண்களோடு உதிரிப் பழம் பொறுக்கப் போட்டார். ஆடி முடிவதற்குள் கை சரியாகாவிட்டால் வெட்டுக்கு வேறு ஆள்தான் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அந்த வாரமே என் மனைவி தோட்டத்து மாரியம்மன் கோயிலில் போய் நின்றாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். சத்தமாகவே வேண்டினாள்.

"ஆத்தா, ஆடித் திருவிழாவுக்கு இவரு ரெண்டு கையாலயும் பால்குடத்தத் தூக்கி, தானே தலையில வச்சிக்கிட்டு உன் வாசலுக்கு வருவாரு. அதுவரைக்கும் எங்க வீட்டுல மீனு, கவிச்சி எதுவும் ஆவாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பால்குடம் எடுப்பவர் யாரும் தானே தூக்கி வைத்துக்கொள்வதில்லை. பூசாரி தூக்கித் தலையில் வைப்பார், அதுதான் வழக்கம். "யாரக் கேட்டு இப்பிடி வேண்டிக்கிட்ட?" என்றேன்.

"ஆத்தாவக் கேட்டுத்தான்."

"தூக்க வேண்டியது நானு!"

"ஆமா, பின்ன நானா?" என்று சொல்லிவிட்டு விபூதியை எடுத்து என் நெற்றியில் இட்டாள்.

அம்மனிடம் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. ஆடிக்குள் கை ஏற வேண்டும். வேலைக்காகவும் ஏற வேண்டும், அவள் கொடுத்த வாக்குக்காகவும் ஏற வேண்டும்.

அப்போது எங்கள் ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாக ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், கல்யாணம் ஆகாதவர், பொழுது போகாதவர். ஒரு நாள் சாயங்காலம் டிரெசர் கொடுத்த சீட்டை ஆபீசில் கொடுக்கப் போனேன். பின்பக்கத் திடலில் கிராணி நின்றுகொண்டிருந்தார். கையில் சாட்டைபோல் வளையும் மெல்லிய கோல். பச்சை நிறத்தில் கொஞ்சம் தடித்த நூல் அவர் காது, கழுத்து, சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் சுற்றியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதேங்கோ அண்ணை. வந்து நீங்க ஒருக்கா வீசிக் காட்டுங்கோ."

"எனக்குக் கை தூக்க வராதுங்கையா."

"இதுக்குப் பலம் தேவையில்லை எண்டு புத்தகத்தில கிடக்கு."

சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார மேனேஜர் பங்களாவில் விட்டுப்போன தூண்டிலாம் அது. கூடவே படம் போட்ட சின்னப் புத்தகமும் ஒரு தகர டப்பாவும் இருந்தன. நாம் வாய்க்காலில் போடும் தூண்டிலில் ஈயக் குண்டு இருக்கும், அது நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் குண்டு கிடையாது. நுனியில் இருப்பது ஈ அளவுக்கு ஒரு இறகுப் பூச்சி, அதற்குக் கனமே இல்லை. ஆகவே இதில் நூலைத்தான் வீச வேண்டும். தலைக்கு மேலே பின்னால் வீசி, அது நீண்டு விரிந்ததும், முன்னால் வீச வேண்டும்.

புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரன் கடிகாரத்துக்கு நடுவில் நின்றான். அவன் தலைக்கு நேரே பன்னிரண்டு மணி. கோலை முன்னாலிருந்து தூக்கி, பின்னால் ஒரு மணியில் நிறுத்த வேண்டும். பிறகு முன்னால் பத்து மணிக்குக் கொண்டுவந்து மறுபடியும் நிறுத்த வேண்டும். கிராணி படித்துச் சொல்லச் சொல்ல, நான் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு வீசிப் பார்த்தேன். கோல் நீளமாக இருந்ததால், கை நெஞ்சு உயரத்தில் இருந்தாலும் நுனி என் தலைக்கு மேலே போனது. ஆனால் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தோள் சூடேறிவிட்டது. அந்தச் சூடு சுவர் பிடித்தபோது வந்த வலிபோல இல்லை. 'நாளைக்கும் வரலாமா' என்று நானே கேட்டேன்.

விரதம் இருக்கும் வீட்டுக்காரன் தூண்டிலைத் தொடலாமா என்று ஒரு உறுத்தல் இருந்தது. கிராணியிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. குறடை எடுத்தார். "முள்ளை வெட்டிவிட்டால் இது தூண்டிலே இல்லை. வெறும் சாட்டை. அம்மன் கோவிக்க மாட்டா."

நுனியில் கண்ணுக்குத் தெரிய ஏதாவது இருந்தால்தான் நூல் எங்கே விழுகிறது என்று பார்க்க முடியும். தகர டப்பாவைத் திறந்தார். பச்சையும் நீலமுமாக மின்னும் பூச்சி ஒன்றை எடுத்தார். மயிலிறகு! முருகனின் வாகனத்தை நான் புல்லிலும் சேற்றிலும் அடிப்பதா? வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டப்பாவிலேயே வைத்துவிட்டேன். அடுத்தது செம்பழுப்பு இறகு. "இது சும்மா சேவல்தான், எடுங்கோ" என்றார். சேவல் அவன் கொடியில் அல்லவா நிற்கிறது? அதையும் வைத்துவிட்டேன். கிராணி தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி சிரித்த சிரிப்பு எங்கள் வரிசை வீட்டு லயம் முழுக்கக் கேட்டிருக்கும். "மயிலும் ஆவாது, சேவலும் ஆவாது. அப்ப உங்க தலமுடியத்தான் கட்டணும். அதுவும் ஆவாது, போன வருசமே அத முருகனுக்குக் குடுத்தாச்சி." பிறகு உரம் வந்த பழைய கோணிச் சாக்கின் ஓரத்தைப் பிரித்து, நாலைந்து வெள்ளை நூலை உருவிச் சின்னக் குஞ்சமாகக் கட்டிக் கொடுத்தாள். அதைத்தான் கடைசிவரை கட்டியிருந்தேன்.

வேலை முடிந்ததும் தினமும் திடலுக்குப் போவேன். கிராணியும் நானும் மாறி மாறி வீசுவோம். அவருக்கு அவசரம். நூல் பின்னால் விரியும் முன்பே முன்னால் இழுத்துவிடுவார், அது சுருண்டு முதுகில் விழும். என் குறை வேறு. பத்து மணியில் நிறுத்த மாட்டேன். குலை வெட்டும் பழக்கத்தில் கோலை முழங்கால் வரை இழுத்துவிடுவேன். "அண்ணை, அது மீன். குலை இல்லை" என்பார் கிராணி. அதைக்கூடச் சரிசெய்துவிட்டேன். ஆனால் இன்னொன்று இருந்தது. ஒவ்வொரு தடவை முன்னால் வீசி முடித்ததும் என் கால் தானாகப் பக்கத்தில் ஒரு தாவு தாவியது. மேலிருந்து ஏதோ விழப்போகிறது என்பதுபோல. தாவினால் கோல் ஆடும், கோல் ஆடினால் நூல் கோணிப்போய் விழும்.

ஒரு நாள் மண்டோர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். "டேய், மீனுக்குக் காவடியாடா ஆடுற? ஆடுறதுதான் ஆடுற, ஒரு முள்ளாச்சும் கட்டி ஆடு லா!" திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்று கோலைக் கிராணியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் நான் கிளம்பாததைப் பார்த்து என் மனைவி எங்கள் கைப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "வாங்க, நானும் பாக்குறேன்" என்றாள். திடலின் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். கிராணி வீசியபோது சொன்னாள்: "ஐயா, தூளி ஆட்டியிருக்கீங்களா?"

"எனக்கு எங்கே அக்கா அதுக்குக் கொடுப்பினை?"

"தூளி நம்மகிட்டத் திரும்பி வந்து நிக்குற வரைக்கும் கைய வைக்கக் கூடாது. நடுவுல தள்ளுனா துணி முறுக்கிக்கும், புள்ள முழிச்சிக்கும். உங்க நூலு பின்னால போயி நிக்கட்டும். அப்புறமா தள்ளுங்க."

கிராணி பின்னால் வீசிவிட்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். நூல் காற்றில் சுருள் அவிழ்ந்து நேராக நின்றது. அப்போது முன்னால் வீசினார். அது திடலின் மேல் நீளமாகப் போய், சத்தமில்லாமல் புல்லில் படுத்தது. "பாத்தியளோ! பாத்தியளோ!" என்று கத்திய கத்தலில் பிள்ளை முழித்துக்கொண்டது.

என் முறை வந்தது. வீசினேன், தாவினேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, கிராணிக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"ஏங்க, உங்களுக்கு இப்ப அவ்வளவா வலி இல்ல. பயப்படுறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. கோலைத் தாழ்த்தினேன். அந்த மட்டை விழுந்த நாளிலிருந்து நான் அண்ணாந்தே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தோட்டத்தில் நடந்தால் கண் மண்ணிலேயே இருந்தது. கை மேலே போகும்போது தலை குனிந்துகொண்டது.

"மேல என்ன வருதுன்னு பாருங்க. சாக்கு நூலு. என் கையால கட்டுனது. அது உங்கள என்ன செய்யும்?"

அவள் எனக்கு வலப்பக்கம், நான் வழக்கமாகத் தாவும் இடத்தில், பிள்ளையோடு வந்து நின்றுகொண்டாள். இனி நான் தாவினால் அவர்கள் மேல்தான் விழுவேன். கிராணி, "அக்கா, தள்ளி நில்லுங்கோ" என்றார். அவள் அசையவில்லை. நான் அம்மனை நினைத்துக்கொண்டு கோலைத் தூக்கினேன். ஒரு மணியில் நிறுத்தினேன். கழுத்தைத் திருப்பி அண்ணாந்தேன். பச்சை நூல் வானத்தில் விரிந்துகொண்டே போனது, நுனியில் வெள்ளைக் குஞ்சம். அது நின்றதும் முன்னால் வீசினேன். நூல் என் தலைக்கு மேலாகவே கடந்து போனது. என் கால் தரையிலேயே இருந்தது.

"அவ்வளவுதான்" என்றாள். "நாளைக்கி நானு வரமாட்டேன், சோறாக்கணும்."

அதற்குப் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நூலை நீட்டினோம். நூல் நீள நீள, அதைக் காற்றில் தூக்கிப் பிடிக்கக் கையும் உயர வேண்டியிருந்தது. முழங்கை விலாவை விட்டுப் பிரிந்தது. கை தோளுக்கு வந்தது. காதுக்கு வந்தது. சில நாள் வலியில் பழையபடி கீழே இறங்கியதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கிராணியின் மோட்டார் சைக்கிளில் தஞ்சோங் காராங் பக்கம் போய், வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால் கரையில் நின்று வீசுவோம். முள் இல்லாத குஞ்சத்தை விரால் ஒன்று வாயில் கவ்வி, என்னவோ சரியில்லை என்று துப்பிவிட்டுப் போகும். தொப்பி போட்ட மலாய்க்கார விவசாயி ஒருவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

ஆடி வந்தது. திருவிழாக் காலையில் வலது கையால் நானே திருநீறு பூசிக்கொண்டேன். என் மனைவி பார்த்தும் பார்க்காததுபோல் பிள்ளைக்குத் தலை வாரினாள். தோட்டத்து வாய்க்கால் கரையில் குடங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பூசாரி ஒவ்வொருவருக்கும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்து குனிந்தபோது, "சாமி, வேணாம். நானே" என்றேன். மேளம் அடித்தவர்கள்கூட என் பக்கம் திரும்பினார்கள். மண்டோர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

பால் நிறைந்த பித்தளைக் குடம் நினைத்ததைவிடக் கனம். கோலுக்குக் கனமே இல்லை, இதற்கோ கனம் மட்டும்தான். நெஞ்சுவரை வந்தது. தோளில் பழைய இடம் சுரீரென்றது. அங்கேயே நிறுத்தினேன். அவசரப்படவில்லை. திடலில் நூல் விரியக் காத்திருப்பதுபோல மூச்சு ஒன்று போய் வரும்வரை காத்தேன். பிறகு அண்ணாந்து பார்த்தபடி மேலே கொண்டுபோனேன். குடம் முகத்துக்கு மேலே, வானத்துக்குக் கீழே நின்றது. கொஞ்சம் பால் தளும்பி என் கண்ணில் விழுந்தது. கால் அசையவில்லை. சும்மாட்டின் மேல் குடம் உட்கார்ந்தது.

"ஓம் சக்தி!" என்று முதலில் கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? மண்டோர்தான். கிராணி எங்கோ பின்னாலிருந்து, "ஒரு மணி, அண்ணை! சரியா ஒரு மணி!" என்றார். யாருக்கும் புரியவில்லை. என் மனைவி அழுதுகொண்டே, "நேராப் பாத்து நடங்க, பாலு சிந்துது" என்று அதட்டினாள்.

அடுத்த வாரம் வெட்டுக்குத் திரும்பினேன். முதல் மரத்தடியில் நின்று நன்றாக அண்ணாந்து பார்த்தேன். அரிவாளை மாட்டி இழுத்தேன். மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, விழ வேண்டியது விழுவதற்கு இடம் விட்டு ஒதுங்கினேன். மண்ணில் தொப்பென்று விழுந்தது. அடுத்த மரத்துக்குப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிராணி வாசலில் மோட்டார் சைக்கிள் ஹாரனை அடித்தார். கையில் முள் இருந்த சின்னப் பொட்டலம். "இண்டைக்குக் கட்டலாமோ அக்கா?" என்று என் மனைவியைத்தான் கேட்டார். அவள் உள்ளே போய், சாக்கு நூலில் புதிதாகக் கட்டிய குஞ்சம் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"போயிட்டு வாங்க. புளி கரைச்சி வைக்கிறேன்" என்றாள்.