ஐந்து விரல் நேரம்

கேட் கீப்பர் கங்கம்மா ஐந்து விரலையும் விரித்துக் காட்டினால் இருபத்தைந்து நிமிடத்துக்கு ரயில் இல்லை என்று பொருள். ஒரு விரலுக்கு ஐந்து நிமிடம். ரயில்வே கேட்டை ஒட்டிய ஒற்றை அறை வீட்டின் ஜன்னலிலிருந்து லின் அதைப் பார்ப்பாள். உடனே ஜன்னலைச் சாத்தி, பஞ்சு மெத்தையை அதன்மேல் சாய்த்து வைப்பாள். உள்ளே ஹாவின் கித்தார் தொடங்கும்.

இருவரும் சீனாவிலிருந்து வந்தவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு உலை பொருத்த ஹாவ் வந்திருந்தான், லின் மொழிபெயர்ப்பாளர். கம்பெனி விடுதியில் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கென்றே ஆரம்பாக்கத்துக்குத் தெற்கே இந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு கித்தார், ஒரு லேப்டாப், தாளத்துக்குக் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா. அவ்வளவுதான் அவர்கள் ராக் குழு.

"இதுக்குப் பேரு பாட்டாம்மா? உங்க ஊர்ல யாரும் தாலாட்டு பாட மாட்டாங்களா?" என்று கங்கம்மா முதல் வாரமே கேட்டாள்.

"அக்கா, இது தூங்க இல்ல. எழுந்திருக்க!" என்றாள் லின். வீடு எடுக்கும் முன்பே தொழிற்சாலையில் கழித்த எட்டு மாதத்தில் அவளுக்கு அந்த அளவு தமிழ் வந்திருந்தது.

கங்கம்மாவின் கணவன் தேசப்பன் தண்டவாளத்துக்கு ஜல்லி வாரிப் போடும் ரயில்வே கேங்கில் வேலை செய்தவன். 2003இல் வேலை நேரத்திலேயே இறந்துபோனான். அந்த வேலைக்குப் பதிலாகத்தான் கங்கம்மாவுக்கு இந்த கேட் கிடைத்தது; கூடவே அவளும் மகள் பூமிகாவும் இருக்க ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸ். போன வருடம் கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே மாட்டி ஒரு ரயில் தாமதமானது. "இன்னொரு வாட்டி வண்டி நின்னுச்சுன்னா இந்த கேட்டை மறந்துடும்மா," என்று ரயில்வே இன்ஸ்பெக்டர் அப்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அது 2007, சித்திரை மாதத்தின் கடைசி ஞாயிறு. லின்னும் ஹாவும் புதன்கிழமை ஊருக்குக் கிளம்ப வேண்டும். பதிவு செய்ய ஒரே ஒரு பாட்டு பாக்கி. காலையிலிருந்து ஏழு முறை முயன்று, ஏழு முறையும் கெட்டுவிட்டது. ஒருமுறை ஆடு, ஒருமுறை லாரி, மற்றதெல்லாம் கேட் அறையின் டெலிபோன் மணி. சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்த அறை; லின் அங்கே இஷ்டம்போல் வந்து போவாள். ஸ்டேஷனிலிருந்து அடிப்பார்கள், கங்கம்மா கேட்டை மூடிப் பூட்டி, மூடியதற்கு அடையாளமாகத் தன் தாளில் அடுத்து இருக்கும் ரகசிய எண்ணைச் சொன்னால்தான் சிக்னலில் பச்சை விழும்.

மதியம் இரண்டு மணிக்கு கேட் கம்பத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டே கங்கம்மா ஐந்து விரலைக் காட்டினாள். பாசஞ்சர் போய்விட்டது. அடுத்தது இரண்டு முப்பதுக்கு. கூட்ஸ் வண்டிக்கு மட்டும் நேரம் காலம் கிடையாது. அது எப்போது வேண்டுமானாலும் வரும், அதற்குத்தான் மணி. இதை அவள் லின்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று இருந்துவிட்டாள்.

கிரீஸ் கையைக் கழுவ அடிபம்புக்குப் போய்விட்டு வந்து, அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சுவர் வழியே பாட்டு வந்தது. லின்னின் குரல் இந்த முறை உடையாமல் மேலே போனது. மணி அடிக்கவில்லை. இந்தத் தடவை முடிச்சிடுவாங்க என்று கங்கம்மாவுக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

அப்போதுதான் ஹாரன் கேட்டது.

தெற்கே, சிவப்பு சிக்னலுக்குக் கீழே ஒரு கூட்ஸ் எஞ்சின் நின்றுகொண்டிருந்தது. கங்கம்மா நாற்காலியை உதறி எழுந்தாள். உள்ளே ஓடினாள். டெலிபோன் பெட்டியைச் சுற்றிச் சிவப்புப் பூப்போட்ட துண்டு இறுகக் கட்டியிருந்தது. அதற்குள் மணி, பானைக்குள் மாட்டிய குளவிபோல் கிர்ரென்று துடித்தது. துண்டை உருவித் தோளில் போட்டு ரிசீவரை எடுத்தாள்.

"ஆறு வாட்டி அடிச்சிட்டேன்!" ஸ்டேஷன் மாஸ்டர் ஆதிநாராயணன் கத்தினார். "செத்துகித்து பூட்டியா இன்னா? வண்டி நின்னுகினு கீது!"

"தோ மூடறேன் சார்!"

தண்டவாளத்தின்மேல் ஒரு ஷேர் ஆட்டோ, அதன் பின்னால் செங்கல் லாரி. "பின்னால வாங்கு! வண்டி வருது, வாங்குய்யா!" ஆட்டோ கடந்து போனது. லாரிக்காரன், "இரும்மா, இன்னா பேஜாரு" என்றபடியே முனகி முனகிப் பின்னால் போனான். கைப்பிடி கிரீஸில் வழுக்கியது. புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துச் சுழற்றினாள். கம்பம் இறங்கியது. பூட்டினாள். எண்ணைச் சொன்னாள். பச்சை விழுந்தது. வண்டி கடந்து முடியும்வரை கொடியைப் பிடித்து நின்றாள்.

நான்கு நிமிடத் தாமதம்.

லின் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, சூப்பர்! நோ பெல்!" கட்டைவிரலை உயர்த்தினாள். கங்கம்மாவின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "அஞ்சு விரல்... டிரெயின் இல்ல. பெல் வேணாம்னு..."

கங்கம்மா துண்டை அவளிடம் நீட்டினாள். மீண்டும் மணி அடித்தது.

"விளக்கம் கேப்பாங்க," என்றார் ஆதிநாராயணன், இப்போது குரலைத் தாழ்த்தி. "மணி ரிப்பேருன்னு எழுதிடு. நான் ஒண்ணும் சொல்லிக்க மாட்டேன்."

சுவரில் பரிசோதனை அட்டை தொங்கியது. வெள்ளிக்கிழமை தேதி, 'மணி நன்றாக உள்ளது', கீழே சிக்னல் மெக்கானிக் அன்புசெல்வனின் கையெழுத்து. மணி ரிப்பேர் என்றால் அந்தக் கையெழுத்து பொய் என்றாகும். அன்புசெல்வன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை இதே நாற்காலியில் உட்கார்ந்து, என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டே நாஷ்டா சாப்பிட்டான்.

வெளி ஆளை உள்ளே விட்டேன் என்று எழுதினால் தன் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். பூமிகாவுக்கு இன்னும் ஒரு வருடப் பள்ளி பாக்கி.

பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒன்பது முறை மணி அடித்தது. ஒன்பது முறையும் அது அடித்து முடிப்பதற்குள் எழுந்தாள். ஆறு மணிக்கு எழுதினாள்: 'நான் கை கழுவப் போனபோது பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே வந்து மணியைத் துணியால் கட்டிவிட்டார். அவரை உள்ளே வந்து பழக விட்டது நான். திரும்பி வந்து பார்க்காததும் நான். மணியில் பழுது இல்லை.'

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்தார்.

"வேற மாதிரி எழுதச் சொல்லி யாரும் சொல்லலியா?"

"இல்ல சார்."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "வேலை போகாது. ஆனா கேட்ல இனிமே நீ இல்ல. நாளையிலேருந்து கேங்குக்குப் போ. வெயில்ல ஜல்லி வாரணும், முடியுமா?"

"எங்க ஊட்டுக்காரரு வாரினதுதானே சார்," என்றாள் கங்கம்மா. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள்.

மறுநாள் விடியற்காலை லின் பெட்டியோடு குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. ஹெட்போனைக் கங்கம்மாவின் காதில் மாட்டினாள். அதே பாட்டு, சுத்தமாக. கடைசி வரி முடியும் இடத்தில், தூரத்தில், நீளமாக அந்த ஹாரன்.

"இந்த ஹாரனை எடுத்துடறோம் அக்கா. ஹாவ் எடுத்துடுவான். யாருக்கும் தெரியாது."

கங்கம்மா ஹெட்போனைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"இருக்கட்டும்மா. நின்ன வண்டி நின்னதுதான்."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள். தண்டவாள ஓரம் கேங் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நாலு எட்டு வைத்தால் எட்டிவிடலாம்.