தீ அணைந்தால் கேஸ் நிற்குமா?

அடுப்பு விற்கிறவனுக்குச் சமைக்கத் தெரியுமா என்று எந்த முதலாளியும் கேட்பதில்லை. செங்கல்பட்டில் ஸ்டவ், மிக்ஸி, கிரைண்டர் விற்கும் கடையில் பதினாறு வருஷம் நின்றவன் நான். எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. காலையிலிருந்து நின்றுகொண்டே சிரிக்கிற உத்தியோகம் பார்த்தவர்களுக்கு என் கதை புரியும். நமக்குக் காலும் வலிக்கும், கன்னமும் வலிக்கும். ஆனால் இதில் சிரிப்பு கொஞ்சம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரம் பக்கம் கடற்கரை ஓட்டல்கள் பெருகின. அங்கே சமையல்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கெல்லாம், வீட்டிலும் அந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. இடுப்பு உயரத்துக்கு எவர்சில்வர் உடம்பு, மேலே நாலு பர்னர், கனமான இரும்புக் கிராதி, கீழே கேக் சுடுகிற ஓவன். குக்கிங் ரேஞ்ச் என்று பெயர். எங்கள் முதலாளியும் வரவழைத்தார்.

கிழக்கு பார்த்த அடுப்பு

முதல் ரேஞ்சை வாங்கியவர் திருக்கழுக்குன்றத்து ஆசிரியர் ஒருவர். நான் டேப்போடு போய் மேடையை அளந்தேன், வாசற்கதவை அளந்தேன், சிலிண்டர் வைக்கும் இடத்தை அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பெருமையோடு இறக்கி வைத்த பிறகு அவர் மனைவி கேட்டார்: "கிழக்கு பார்த்து நின்னு சமைக்கணுமே, இது தெக்கால இல்ல பாக்குது?"

கிழக்கு பார்த்துச் சமைக்க வேண்டுமானால் ரேஞ்சை வைக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது பின்கட்டுக் கதவு. ஆசிரியர் ஐந்து நிமிஷம் யோசித்தார். பிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்டு, அதை மறைத்து ரேஞ்சை நிறுத்தச் சொன்னார். பொருள் விற்றால் போதும் என்று நானும் தள்ளிக் கொடுத்தேன். நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா பின்கட்டில் காயும் துணிகளை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மழை வந்தா இனிமே தெருவச் சுத்திப் போயித்தான் துணி எடுக்கணும்."

பத்து எண்ணுகிற வேலை

இந்த ரேஞ்சுகளில் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு பர்னர் பக்கத்திலும் ஊசி போல ஒரு சின்னக் கம்பி நிற்கும். அது சூடாக இருக்கும்வரைதான் உள்ளே வால்வு திறந்திருக்கும். பால் பொங்கியோ காற்றடித்தோ தீ அணைந்தால், கம்பி ஆறும், வால்வு தானாக மூடிக்கொள்ளும், கேஸ் நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் பற்ற வைக்கும்போது கம்பி சூடாக வேண்டும் இல்லையா? அதற்காகக் குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து எண்ண வேண்டும். முன்னால் கையை எடுத்தால் தீ அணைந்துவிடும்.

புகார் வராத நாளில்லை. மதுராந்தகம் பக்கம் நெல் வயலும் இரண்டு லாரியும் வைத்திருந்த ஒரு பெரியவர், நேரே கடைக்கு வந்து மேஜையைத் தட்டினார். எங்கள் மெக்கானிக் துரை அன்றே போய், அந்த வால்வுக்குள் இருந்த சின்னத் துண்டைக் கழற்றிவிட்டு வந்தான். அப்புறம் குமிழைத் திருப்பினால் போதும், சாதாரண அடுப்பு மாதிரி எரிந்தது. தீ அணைந்தால் சாதாரண அடுப்பு மாதிரியே கேஸும் வந்துகொண்டிருக்கும். அதை யார் யோசித்தோம்? "இனிமே வர்றது எல்லாத்துலயும் கடையிலயே கழட்டிடுடா" என்று சொன்னது முதலாளி இல்லை, நான்தான். துரை கழற்றிய துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தான். அந்தப் பெரியவர் அன்று கத்தியதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை: "இன்னாபா அடுப்பு இது? பத்த வெக்க ஒரு ஆளு, புடிச்சிகினு நிக்க ஒரு ஆளா?"

சிறுசேரி தம்பதி

சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருந்த புதுத் தம்பதி, இருப்பதிலேயே பெரிய ரேஞ்சாக வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். ஒரு வருஷம் கழித்து, பழுது இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். கிராதியின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. ஓவனுக்குள் ஷூ அடுக்கியிருந்தார்கள். கணவர் பகல் ஷிப்ட், அந்தப் பெண் ராத்திரி ஷிப்ட். கம்பெனி வண்டி ஒருவரை இறக்கிவிட்டு மற்றவரை ஏற்றிக்கொண்டு போகிற வாழ்க்கை. எனக்கு ஷூவைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை: "சமைச்சா யார்ண்ணா எதிர்ல உக்காந்து சாப்பிடப் போறாங்க?"

ஒரே ஒரு கேள்வி

ராமநாதன் சார் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். சதுரங்கப்பட்டினத்தில் சொந்த வீடு. பிள்ளைகள் இல்லை, அவரும் மனைவி சரோஜாவும்தான். கடைக்கு வந்தவர் பளபளப்பைப் பார்க்கவில்லை, ஓவனைத் திறக்கவில்லை. குனிந்து பர்னர் பக்கத்துக் கம்பியை மட்டும் பார்த்தார். "தீ அணைஞ்சா கேஸ் தானா நின்னுடும் இல்ல?" என்று கேட்டார். "நின்னுடும் சார்" என்றேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். நான் கேக் சுடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. துரை வழக்கம்போலத் துண்டைக் கழற்றினான். நானும் வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறக்கப் போன அன்று சார் டியூட்டியில் இருந்தார். சரோஜாம்மா மட்டும் இருந்தார். ஐம்பது வயசிருக்கும். ரேஞ்சைத் துடைத்து, குங்குமம் வைத்து, "நான் பத்த வெக்கலாமா?" என்று எங்களிடம் அனுமதி கேட்டார். சொந்த வீட்டில், சொந்த அடுப்புக்கு! நான்கு பர்னரையும் ஒவ்வொன்றாகப் பற்ற வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை பட்டது என்று நினைத்தேன். கேஸ் அடுப்பில் ஏது புகை? "ரெண்டு வருஷமாச்சு தம்பி, நான் தீக்குச்சியத் தொட்டு" என்றார்.

ஏலக்காய்

ஒரு மாதம் கழித்து ராமநாதன் சார் ஒரு தூக்கில் அதிரசம் கொண்டுவந்து கடையில் எல்லோருக்கும் கொடுத்தார். வாயில் வைத்ததும் ஏலக்காய் நெடி மூக்கில் ஏறியது. ஒரு பிடியாவது போட்டிருப்பார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

இரண்டு வருஷம் முன்னால் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து விழுந்ததில் சரோஜாம்மாவுக்குத் தலையில் அடி. உயிர் பிழைத்தார், ஆனால் வாசனை தெரிகிற சக்தி அடியோடு போய்விட்டது. மல்லிகைப்பூவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. ஒரு நாள் சார் வேலை முடிந்து வந்தபோது வீடு முழுக்க கேஸ். அம்மா நடுவில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். அன்றைக்கே சார் சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருஷமாக மெஸ்ஸிலிருந்து கேரியர் சாப்பாடு. நாலு தெருவுக்குச் சமைத்துப் போட்ட கை அது. சும்மா இருந்து இருந்து அந்த அம்மா பேச்சையே குறைத்துக்கொண்டாராம். தீ அணைந்தால் தானாக நிற்கிற அடுப்பு ஒன்று உண்டு என்று சார் எங்கோ படித்துவிட்டு, எங்களைத் தேடி வந்திருக்கிறார்.

மீதி அதிரசத்தை மேஜையில் வைத்துவிட்டேன். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஒரு ஃப்ரீ சர்வீஸ் இருக்கு சார், நாளைக்கே வரோம்" என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "உங்க அடுப்பு வந்தப்புறம்தாங்க, ஸ்டாஃப் பஸ்ல நான் கண்ண மூடித் தூங்கறேன்."

பால் பொங்கிய வெள்ளிக்கிழமை

மறுநாள் துரையையும் பிஸ்கட் டின்னையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் அவனைத் திட்டினேன். "அண்ணாத்த, கழட்டச் சொன்னது நீ. என் மேல இன்னாத்துக்குப் பாயறே?" என்றான். பிஸ்கட் டின்னை நானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

சரோஜாம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். அவர் அதிரவில்லை. அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு, "தெரியும்" என்றார். இரண்டு வாரம் முன்னால், வெள்ளிக்கிழமை, பால் பொங்கித் தீ அணைந்திருக்கிறது. அம்மா பூஜை அறையில் இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாக்கா, உன் வூட்டாண்ட கேஸ் நாத்தம் அடிக்குதே!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். அன்றிலிருந்து அம்மா, அடுப்பு எரிகிறவரை அதன் முன்னாலிருந்து நகருவதே இல்லையாம். சாதம் வடிக்கிறவரை தீயையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். கணவரிடம் மூச்சு விடவில்லை.

துரை நான்கு துண்டையும் மாட்டினான். தீயை ஊதி அணைத்துக் காட்டினோம். கொஞ்ச நேரத்தில் டக்கென்று சத்தம் கேட்டு வால்வு மூடிக்கொண்டது. அம்மா அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். குமிழைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுவது அவருக்கு ஒரு தொல்லையாகவே தெரியவில்லை, பதினைந்து எண்ணினார். எங்களுக்குத் தோசை வார்த்துப் போட்டார். என் தட்டில் மூன்றாவது தோசையை வைக்கும்போது சொன்னார்: "அவர்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி. சொன்னா மறுபடியும் என்னைக் கேரியருக்கு முன்னால உக்கார வெச்சிடுவாரு."

கேட்டைத் தாண்டி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராமநாதன் சார் வீட்டில் இருந்தார். காபி போடும்போது மனைவி குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணுவதைப் பார்த்தார். போன வாரம்வரை அப்படி எண்ணியதில்லையே என்று யோசித்தார். மெஷினோடு காலம் தள்ளுகிற மனிதர், அவரை ஏமாற்ற முடியுமா? திங்கட்கிழமை என் எதிரில் வந்து நின்றார். "முன்னாடி அந்த வால்வு வேலை செய்யலை, இல்ல?"

மழுப்பியிருக்கலாம். பழுதாகி இருந்தது, மாற்றினோம் என்று சொன்னால் முடிந்திருக்கும். ஆனால் ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை. யாரிடமாவது கொட்டிவிட்டால் போதும் என்று இருந்தது. கழற்றியதைச் சொன்னேன், அதில் குற்றமில்லை. பால் பொங்கிய வெள்ளிக்கிழமையையும் சொல்லிவிட்டேன். என் பாரத்தை இறக்கி அந்த அம்மா தலையில் வைத்தேன். சார் என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. அடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "உங்க வால்வை இனிமே நம்பலாம். எங்கிட்ட மறைச்சாளே, அவளை எப்படி நம்பிட்டு நான் டியூட்டிக்குப் போறது? ரேஞ்சை எடுத்துக்கங்க" என்றார். நான் கெஞ்சினேன். அவர் கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. பயந்தவரிடம் என்ன பேச முடியும்?

அதற்கப்புறம் துரையும் நானும் விடுமுறை நாட்களில், விற்ற வீடுகளுக்கெல்லாம் தேடிப் போய் அந்தத் துண்டுகளைத் திரும்ப மாட்டினோம். பாதிப் பேர், "வேணாம், பத்து எண்ண எங்களுக்கு நேரமில்லை" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஆனால் முதலில் போனது சதுரங்கப்பட்டினத்துக்குத்தான், ரேஞ்சைத் திரும்ப எடுத்து வர, டெம்போவோடு. சரோஜாம்மா ரேஞ்சை நன்றாகத் தேய்த்துத் துடைத்து வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணை அனுப்புகிற மாதிரி துடைத்திருந்தார். சார் உள்ளே அறையில் இருந்தார், வெளியே வரவில்லை. நாங்கள் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது அம்மா என் பின்னாலேயே வந்தார். குரலை உயர்த்தவில்லை. தம்பி என்றுகூடக் கூப்பிடவில்லை.

"நான் பயந்து பயந்து சமைச்சப்ப வுட்டு வெச்சீங்க. பயமில்லாம சமைக்கறப்ப வந்து எடுத்துகினு போறீங்களே."

பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டும் மூட வேண்டிய இடத்தில் பேசிக்கொண்டும் பதினாறு வருஷம் அடுப்பு விற்றேன், அனுபவசாலி என்று கடையில் என்னைத்தான் புதுப் பையன்களுக்குக் கைகாட்டினார்கள்.