பதினாறு மணி நேரம் என்று சொன்னேன்

பத்து வருடங்களுக்கு முன்பு, குன்னூரில் ஒரு பள்ளியில் நான் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ஆடி மாதம், விடாத மழை. ஒரு புதன்கிழமை மாலை பக்கத்து வீட்டுக்காரர் மாரடைப்பில் இறந்துபோனார். அவருடைய ஒரே மகள் கனடாவில், டொராண்டோவில் இருந்தாள். மறுநாள் காலை, நம் நேரப்படி ஏழரை மணிக்கு, அவள் விமானம் ஏறிவிட்டதாக அங்கிருந்த மருமகன் போனில் சொன்னார்.

"ஏனுங்க சார், அங்கிருந்து கோயமுத்தூர் வர எத்தன மணி நேரமாகுமுங்க?" என்று இறந்தவரின் மனைவி கேட்டார்.

நான் செல்போனில் தேடினேன். பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம் என்று காட்டியது. "நடுராத்திரிக்குள்ள கோவை வந்துருவாங்க" என்றேன். நான் சொன்னதை வைத்து சர்ச் ஃபாதர் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அடக்கம் என்று குறித்தார். கல்லறைக் குழியும் வெட்டிவிட்டார்கள்.

வெள்ளி காலை பத்து மணி ஆகியும் மகள் வரவில்லை. அவள் போன் அணைந்திருந்தது. மழையில் கரண்ட் வேறு போய், உடலை வைத்திருந்த ஃப்ரீசர் பெட்டி நின்றுவிட்டது. பயந்துபோய், வெளியே வந்து மருமகனுக்கு போன் செய்தேன். அவர் டிக்கெட்டைப் பார்த்துப் படித்தார். துபாயில் ஆறு மணி நேரக் காத்திருப்பு, பிறகு சென்னை, அங்கே மறுபடி காத்திருப்பு. கோவைக்கு மதியம் ஒரு மணிக்குத்தான் வருவாள். நேராகப் பறக்கும் விமானமே கிடையாது. நான் பார்த்தது வெறும் வானத்துத் தூரம்.

திரும்பி வந்தபோது, "பிளைட் லேட்டாமா" என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. பேசாமல் உட்கார்ந்துகொண்டேன்.

அரை மணி நேரம் போனது. இறந்தவரின் அண்ணன் எழுந்தார். "எப்ப வருமோ தெரியாத பிளைட்டுக்கு எத்தன நேரமுங்க காத்திருக்கறது? கரண்டும் இல்ல. எடுத்தறலாமுங்க."

இறந்தவரின் மனைவி பெட்டிக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் எழுந்தேன். "பிளைட் லேட் இல்லீங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். பொண்ணு இப்ப சென்னையில இருக்குது. நாலு மணிக்கு இங்க வந்துரும்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அண்ணன் முகம் சிவந்தது. "வாத்தியாருங்களே, இத முன்னாலயே சொல்றதுக்கென்னங்க?"

"நாலு மணின்னா இருக்கட்டுமுங்க" என்றார் மனைவி. அவ்வளவுதான்.

மார்க்கெட் மீன் கடைக்கு ஓடி, இரண்டு ஐஸ் பாளங்களை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தேன். ஃபாதர் ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னார். நாலே காலுக்குக் கார் வந்து நின்றது. மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

அந்த வீட்டார் பிறகு என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. கணக்குத் தப்பியதை என்னாலும் மறந்துவிட முடிகிறது; தெரிந்த பிறகும் வாயை மூடி உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரம்தான் இன்றும் உறுத்துகிறது.