அலமாரிக்குள் இருந்து வந்த தும்மல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவருக்கு ரேடியோவிலிருந்து பாட்டுப் பிடிக்கும் வேலை. ஈப்போ வாடகை வீட்டின் படுக்கையறையில் ரேடியோவையும் கேசட் ரெக்கார்டரையும் சம்பந்திகள் போல எதிரெதிரே உட்கார வைப்பார். காற்றாடி நிற்கும். சுவர்க்கடிகாரம் துண்டில் சுற்றப்பட்டு அரிசி டின்னுக்குள் போகும். பிறகு உத்தரவு வரும்: "நான் சொல்ற வரைக்கும் யாரும் வாயைத் தொறக்கக்கூடாது லா!"

சுங்காய் ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய பத்து வீட்டுச் சத்தத்துக்கு நடுவே பாட்டுக் கேட்டு வளர்ந்தவர். சுத்தமாக ஒரு பாட்டாவது வேண்டும் அவருக்கு.

அன்று அவர் காத்திருந்த பாட்டு வந்தது. நான் பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து உள்ளே வந்தால், நான்கு வயது மகளைக் காணோம்.

"ஒன்கிட்ட இருக்கான்னுல நெனச்சேன்!"

"நான் ஒங்ககிட்ட இருக்கான்னு நெனச்சேன்!"

வீட்டுக்கு முன்னால் பெரிய லோங்காங். முதல்நாள் மழையில் அந்தச் சாக்கடை கரை தொட்டு ஓடியது. அதன் ஓரமாக அவள் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினேன்.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காதான் நிதானமாகச் சொன்னார்: "ஒங்க வாசக்கதவு தொறந்தா கோலா கங்சார் வரைக்கும் கேக்குமே தம்பி. எப்ப வெளிய போனான்னு டேப்புல விழுந்திருக்கும். போடுங்க."

கணவர் டேப்பைப் பின்னால் ஓட்டிப் பொத்தானை அழுத்தினார். பாட்டு ஓடியது. கதவு கிரீச்சிடவே இல்லை. இரண்டாம் சரணத்தில், மிக அருகில், பாட்டில் மூழ்கியிருந்தவர் கவனிக்காமல் விட்ட ஒரு சின்னத் தும்மல்.

மூவரும் துணி அலமாரியைத் திரும்பிப் பார்த்தோம்.

என் புடவைகளுக்கு நடுவே, வியர்த்து வழிய, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா கத்துனது கேக்கலயாடி?"

"கேட்டுச்சி. அப்பா இன்னும் பேசலாம்னு சொல்லலயே."

"இந்தப் புள்ளைய எங்க வீட்டுக்கு ஒரு நாளு அனுப்புங்க," என்றார் அக்கா. "எம் புருசன் பாத்துக் கத்துக்கட்டும்."

சில வாரம் கழித்து அதே பாட்டு ரேடியோவில் வந்தது. கணவர் ரெக்கார்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொத்தானை அழுத்தாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாம் சரணம் சுத்தமாக, தும்மல் இல்லாமல் போயிற்று. மகள் எதிரிலேயே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். இருந்தாலும் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன்.